வேலை கொடுப்பவர் என்ன தருகிறார்? சமூகக் கல்லூரி பற்றிய ஒரு சொற்பொழிவு



2008 டிசம்பர் 23. கிறிஸ்துமஸுக்கு இன்னும் இரண்டு நாள். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள ஜேன்ஸ்வில் நகரத்தில், ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையிலிருந்து டாஹோ என்ற பெரிய ரகக் காரின் கடைசி வண்டி வெளியே வந்தது. 1923 முதல் ஷெவர்லே வண்டிகள் செய்துவந்த ஆலை அது. தாத்தா போன வாசலில் அப்பாவும், அப்பா போன வாசலில் மகனும் வேலைக்குப் போன ஊர். பெட்ரோல் விலை ஏறியதில் பெரிய வண்டிகளை வாங்க ஆளில்லை; அதோடு நிதி நெருக்கடியும் சேர்ந்துகொண்டது. இந்த ஆலை வண்டிகளுக்கு இருக்கை செய்து கொடுத்துவந்த லியர் நிறுவனத்தின் தொழிற்கூடமும் இழுத்து மூடப்பட்டது. ஒரே குளிர்காலத்தில் ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்து வீட்டில் உட்கார்ந்தார்கள்.

அவர்களுக்கு எல்லாரும் சொன்ன யோசனை ஒன்றுதான்: போய்ப் படியுங்கள். அரசு கட்டணத்தை ஏற்றுக்கொண்டது. ஊருக்கு அருகில் பிளாக்ஹாக் தொழில்நுட்பக் கல்லூரி இருந்தது. நாற்பது, நாற்பத்தைந்து வயது ஆண்களும் பெண்களும் அங்கே வரிசையில் நின்றார்கள். வகுப்பறை போதவில்லை, ஆசிரியர் போதவில்லை. கல்லூரி அவசரமாக வகுப்புகளைக் கூட்டியது. அந்த ஊரிலேயே நெடுநாள் தங்கி விசாரித்து, 2017இல் ‘ஜேன்ஸ்வில்’ என்ற நூலை எழுதிய பத்திரிகையாளர் ஏமி கோல்ட்ஸ்டீன் ஒரு விவரம் சொல்கிறார். வந்தவர்களில் சிலருக்குக் கணினியை எப்படி ஆன் செய்வது என்றே தெரியவில்லை. பாடக் கட்டுரைகளைக் கையால் எழுதித் தந்தால் வாங்கமாட்டார்கள் என்று தெரிந்ததுமே சிலர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். இரண்டு டன் வண்டியை அச்சுப் பிசகாமல் பூட்டத் தெரிந்தவர்கள், ஒரு விசைப்பலகையின் முன் தோற்றுப் போனார்கள்.

அதைவிடக் கசப்பான செய்தி பின்னால் வந்தது. கோல்ட்ஸ்டீன் பொருளியலாளர்களின் துணையோடு கணக்கெடுத்துப் பார்த்தபோது, ஆலை மூடியபின் கல்லூரிக்குப் போய்ப் படித்தவர்களைவிட, படிக்காமல் கிடைத்த வேலையில் ஒட்டிக்கொண்டவர்களுக்கே வேலையும் அதிகம் இருந்தது, சம்பளமும் அதிகம் இருந்தது. அமெரிக்க அரசியலில் வலதும் இடதும் ஒத்துப்போகும் அபூர்வமான விஷயங்களில் ஒன்று, வேலை போனவருக்கு மறுபயிற்சி கொடுக்க வேண்டும் என்பது. அந்த நம்பிக்கையின் மேல் விழுந்த அடி அது.

பழியைக் கல்லூரியின் மேல் போடுவது எளிது. பிளாக்ஹாக் கல்லூரி கண்ணை மூடிக்கொண்டு வகுப்பு நடத்தவில்லை. எந்தத் துறையில் ஆள் எடுப்பார்கள் என்று விசாரித்துத்தான் படிப்புகளைத் திறந்தது. ஆனால் ஊரில் புதிதாக ஆள் எடுக்க அநேகமாக எவரும் இல்லை. ‘தேவைக்கு ஏற்ற படிப்பு’ என்று பேசுகிற ஒவ்வொருவரும் முதலில் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது: யாருடைய தேவை? அந்தத் தேவையைச் சொன்னவர், அதற்காகத் தன் பங்குக்கு எதைத் தருகிறார்?

சமூகக் கல்லூரி என்ற அமைப்பு எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் பார்ப்போம். 1901இல் இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரத்தில், உயர்நிலைப் பள்ளியின் நிர்வாகி ஜே. ஸ்டான்லி பிரவுனும் சிகாகோ பல்கலைக்கழகத் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பரும் சேர்ந்து, பள்ளி முடித்தவர்களுக்கு ஊரைவிட்டுப் போகாமலே இரண்டு ஆண்டு கல்லூரிப் பாடம் நடத்த ஏற்பாடு செய்தார்கள். முதலில் சேர்ந்தவர்கள் ஆறு பேர். அன்று அது பல்கலைக்கழகத்துக்குப் போக ஒரு படிக்கட்டு, அவ்வளவுதான். தொழில், வேலை என்ற பேச்செல்லாம் பிறகு வந்தது. 1947இல் குடியரசுத் தலைவர் ட்ரூமன் அமைத்த உயர்கல்விக் குழுவின் அறிக்கைதான் ‘சமூகக் கல்லூரி’ என்ற பெயரை ஊரறியச் செய்தது. இன்று அந்நாட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சமூகக் கல்லூரிகள் இருக்கின்றன. இளநிலை மாணவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அங்கேதான் படிக்கிறார்கள். கட்டணம் குறைவு, நுழைவுத் தேர்வு கிடையாது, வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாகப் படிக்கலாம். ஆகவே வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிப்பவர்கள், குழந்தை பெற்றவர்கள், வேலை இழந்தவர்கள் எல்லாரும் வந்து சேரும் இடமாகிவிட்டது அது.

தெற்கு மாநிலங்களில் கதை வேறு. பருத்தி ஆலைகளையும் விவசாயத்தையும் நம்பியிருந்த வட கரோலினாவும் தென் கரோலினாவும் 1950களின் இறுதியிலும் 1960களின் தொடக்கத்திலும் தொழிற்சாலைகளை வருந்தி அழைத்தன. தென் கரோலினாவின் ஆளுநர் எர்னெஸ்ட் ஹாலிங்ஸ் 1961இல் தொடங்கிய தொழில்நுட்பக் கல்வித் திட்டம் முதலாளிகளிடம் சொன்னது இதைத்தான்: ‘நீங்கள் ஆலையைக் கட்டுங்கள்; கட்டி முடிப்பதற்குள் ஆட்களைப் பழக்கி நிறுத்துகிறோம்; செலவு எங்களுடையது.’ வேலை வந்தது, மறுப்பதற்கில்லை. பி.எம்.டபிள்யூ நிறுவனம் 1992இல் ஸ்பார்டன்பர்க் வட்டாரத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு அங்கே இருந்த பயிற்சி ஏற்பாடும் ஒரு காரணம். ஆனால் வரிப் பணத்தில் பயிற்சி, லாபம் கம்பெனிக்கு என்ற பழக்கத்தை அந்த ஏற்பாடு வேரூன்றச் செய்தது. ஆள் வேண்டும் என்று கேட்பதற்கு முதலாளி ஒரு காசும் செலவழிக்க வேண்டியதில்லை என்றால், கேட்கிற அளவுக்கு எல்லை ஏது?

கல்லூரிகள் தேவையை எப்படி அறிகின்றன? பெரும்பாலான இடங்களில் ‘ஆலோசனைக் குழு’ என்று ஒன்று இருக்கும். வட்டாரக் கம்பெனிகளின் மனிதவள மேலாளர்கள் சிலர் ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ வருவார்கள். காபி, பிஸ்கட், ஒரு ஸ்லைடு ஷோ. ‘மாணவர்களுக்குப் பேச்சுத்திறன் போதாது, நேரத்துக்கு வருவதில்லை’ என்று இரண்டு வார்த்தை. நடவடிக்கைக் குறிப்பில் கையெழுத்து. தர ஆய்வுக்கு வருகிறவர்களிடம் காட்ட ஒரு கோப்பு தயார். நம் ஊர்க் கல்லூரிகளில் தொழில்துறைத் தொடர்புக் கூட்டங்களுக்குப் போய்வந்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதாக இராது.

இன்னொரு வழி, வேலை விளம்பரங்களைக் கணினியில் அள்ளிப் போட்டு எண்ணுவது. எந்த மாவட்டத்தில் எத்தனை விளம்பரம், அதில் எத்தனை எந்தத் திறனைக் கேட்கிறது என்று பட்டியல் வாங்கலாம். இதை விற்பதற்கென்றே நிறுவனங்கள் உண்டு. பட்டியல் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் விளம்பரம் சொல்வதை அப்படியே நம்பலாமா? ஹார்வர்ட் வணிகப் பள்ளி 2017இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, உற்பத்திப் பிரிவு மேற்பார்வையாளர் வேலைக்கான விளம்பரங்களை எடுத்துப் பார்த்தது. 2015இல் அவற்றில் 67 விழுக்காடு கல்லூரிப் பட்டம் வேண்டும் என்றன. அப்போது அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தவர்களில் பட்டம் பெற்றவர்கள் 16 விழுக்காடுதான். பட்டமில்லாமல் நடந்துகொண்டிருந்த வேலைக்குப் பட்டம் கேட்கிறார்கள். இது விண்ணப்பங்களைக் கழித்துக்கட்ட ஒரு வழி. இதைத் தேவை என்று எடுத்துக்கொண்டு பாடத்திட்டம் போட்டால் மாணவருக்கு இரண்டு வருடமும் கட்டணமும்தான் நஷ்டம்.

இவற்றைவிட மேலான முறை ஒன்று இருக்கிறது, அதிகம் பேசப்படுவதில்லை. ‘டேக்கம்’ என்று பெயர். 1960களில் கனடாவில் பிறந்தது, பிறகு ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் வழியாகப் பரவியது. ஒரு வேலையில் கை தேர்ந்தவர்கள் எட்டுப் பத்துப் பேரை ஓர் அறையில் இரண்டு நாள் உட்கார வைப்பார்கள். மேலாளர்களுக்கும் பேராசிரியர்களுக்கும் அங்கே பேச உரிமை இல்லை. காலையில் வந்ததும் முதலில் எதைத் தொடுகிறாய், எதை அளக்கிறாய், எது கெட்டுப்போனால் யாரைக் கூப்பிடுகிறாய் என்று நடத்துநர் கேட்டுக்கொண்டே போவார். ஒவ்வொரு பதிலும் ஓர் அட்டையில் எழுதப்பட்டுச் சுவரில் ஏறும். இரண்டாம் நாள் மாலைக்குள் அந்தச் சுவரில் அந்த வேலை முழுசாக விரிந்திருக்கும். பம்ப் ரிப்பேர் செய்பவருக்குத் தெரிந்த நுணுக்கம் அவரை வேலைக்கு எடுத்த மனிதவள அதிகாரிக்குத் தெரியாது என்ற சாதாரண உண்மைதான் இந்த முறையின் அடிப்படை. கம்பெனியின் தேவை என்று நாம் சொல்கிறபோது அந்தக் கம்பெனிக்குள் யாரிடம் கேட்டோம் என்பதும் முக்கியம்.

தேவை தெரிந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். கல்லூரி உடனே மாறிவிடுமா? பாடம் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களின் குழு ஒப்ப வேண்டும், மாநில அதிகாரிகள் ஒப்ப வேண்டும், அங்கீகாரம் தரும் அமைப்பு ஒப்ப வேண்டும். அதற்குள் ஆண்டு ஓடிவிடும். செவிலியர் படிப்பைப் பாருங்கள். ஆஸ்பத்திரிகளுக்கு நர்ஸ் வேண்டும் என்று சொல்ல ஆய்வே தேவையில்லை. அமெரிக்கா முழுதும் அந்தக் குரல் கேட்கிறது. அப்படியிருந்தும் செவிலியர் கல்வி நிலையங்கள் தகுதியுள்ள பல்லாயிரம் விண்ணப்பங்களை ஆண்டுதோறும் திருப்பி அனுப்புகின்றன. சொல்லிக்கொடுக்க ஆளில்லை என்பது முதல் காரணம்: அனுபவமுள்ள ஒரு நர்ஸ் வார்டில் வாங்குகிற சம்பளத்தைக் கல்லூரியால் தர முடியாது. நோயாளியின் படுக்கையருகே நின்று பழக ஆஸ்பத்திரிகள் ஒதுக்கும் இடங்கள் குறைவு என்பது இரண்டாவது காரணம். ஆள் போதவில்லை என்று புலம்புகிற அதே ஆஸ்பத்திரிதான் பயிற்சி இடத்தைச் சுருக்கி வைத்திருக்கிறது.

இனி டெக்சஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோவுக்குப் போவோம். இந்த விஷயத்தில் அதிகம் கற்றுக்கொடுத்த ஊர் அது.

1990 ஜனவரியில் லீவை ஸ்ட்ராஸ் நிறுவனம் அங்கிருந்த தையல் ஆலையை மூடி, வேலையைக் கோஸ்டா ரிக்காவுக்குக் கொண்டுபோனது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை இழந்தார்கள்; பெரும்பாலோர் மெக்சிகோ வம்சாவளிப் பெண்கள். நாள் முழுதும் ஒரே தையலை, ஜீன்ஸின் ஒரே பாகத்தில், வருடக்கணக்கில் போட்டவர்கள். வேறெந்த வேலைக்கும் அந்தக் கைத்திறன் அனுமதிச் சீட்டாக வரவில்லை. அந்த ஊரில் கத்தோலிக்கத் திருச்சபைப் பங்குகளை அடியாகக் கொண்டு 1974 முதல் இயங்கிவந்த ‘காப்ஸ்’ என்ற மக்கள் அமைப்பும், ‘மெட்ரோ அலையன்ஸ்’ என்ற அதன் சகோதர அமைப்பும் இந்தப் பிரச்சினையைக் கையில் எடுத்தன. சாலை, சாக்கடை, வெள்ள வடிகால் என்று நகரசபையோடு மல்லுக்கட்டிப் பழகியவர்கள் அவர்கள். முதலில் வீடு வீடாகக் கூட்டம் போட்டார்கள். பயிற்சி எடுத்தேன், சான்றிதழ் வாங்கினேன், வேலை கிடைக்கவில்லை என்று சொன்னவர்கள் ஒவ்வொரு கூட்டத்திலும் இருந்தார்கள்.

அதைக் கேட்டதும் அவர்கள் வரிசையைத் தலைகீழாக்கினார்கள். முதலில் பயிற்சி, பிறகு வேலை தேடல் என்பதை விட்டுவிட்டு, முதலாளிகளிடம் போய் முதலில் வேலைக்கு வாக்குறுதி வாங்கினார்கள். எத்தனை இடம், என்ன சம்பளம், எப்போது? வயிற்றைக் கழுவப் போதாத சம்பளம் என்றால் அந்த வேலைக்குப் பயிற்சியே கிடையாது. பிறகு ஆளுநர் ஆன் ரிச்சர்ட்ஸிடமும் நகரசபையிடமும் பணம் கேட்டு வாங்கி, 1992இல் ‘புராஜெக்ட் குவெஸ்ட்’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அது சொந்தமாக வகுப்பு நடத்தவில்லை. ஊரில் இருந்த சமூகக் கல்லூரிகளில்தான் மாணவர்களைச் சேர்த்தது.

சேர்த்துவிட்டுப் போகவில்லை என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கணக்கிலும் வாசிப்பிலும் பின்தங்கியவர்களுக்குக் கல்லூரிக்குள் நுழையுமுன் அடிப்படைப் பாடம். கட்டணம், புத்தகம், சீருடை, பஸ் காசு, குழந்தையைப் பார்த்துக்கொள்ள உதவி, உரிமத் தேர்வுக்கான பணம். ஒவ்வொரு வாரமும் ஆலோசகரோடு ஒரு கூட்டம். அதற்கு வராமலிருக்க முடியாது. வண்டி பழுதானால், கணவன் ஊரைவிட்டுப் போனால், உடற்கூறியல் பரீட்சையில் தோற்றால் அந்தக் கூட்டத்தில் பேச்சு வரும். கல்லூரிப் படிப்பைப் பாதியில் விடுகிறவர்கள் பாடம் புரியாமல் விடுவது குறைவு, இப்படி ஒரு செவ்வாய்க்கிழமை டயர் வெடித்ததில் விடுவதுதான் அதிகம் என்று அந்த ஆலோசகர்கள் அறிந்திருந்தார்கள்.

இந்தத் திட்டம் அளந்தும் பார்க்கப்பட்டது. 2006 முதல் 2008 வரை விண்ணப்பித்த 410 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குத் திட்டத்தில் இடம். மறு பாதிக்கு இல்லை. படித்தது நர்ஸ், மருத்துவப் பதிவேடு போன்ற ஆஸ்பத்திரி வேலைகளுக்கு. படிக்கும் காலத்தில் திட்டத்தில் இருந்தவர்களின் வருமானம் மற்றவர்களைவிடக் குறைவாகவே இருந்தது; படிக்கிறவர் முழுநேரம் சம்பாதிக்க முடியாதே. மூன்றாம் ஆண்டில் நிலைமை திரும்பியது. ஒன்பதாம் ஆண்டில் அவர்கள் மற்றவர்களைவிட ஆண்டுக்கு 5,000 டாலருக்கு மேல் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். வேலைப் பயிற்சித் திட்டங்களில் இவ்வளவு நீண்ட காலம் நிலைத்த பலனைக் காட்டியவை மிகச் சில. இதை ஜேன்ஸ்வில்லோடு சேர்த்துப் பார்க்கும்போது நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும்: ஜேன்ஸ்வில் கணக்கு சில ஆண்டுகளுக்குள், அதுவும் 2008 நிதி நெருக்கடி கொண்டுவந்த மந்தத்தின் நிழலில் எடுக்கப்பட்டது. சான் அன்டோனியோவையும் இரண்டாம் ஆண்டிலேயே அளந்திருந்தால் தோல்வி என்றே எழுதியிருப்பார்கள். ஆனாலும் ஒரு வேறுபாடு மாறாது. ஓர் ஊரில் வேலை முன்பே பேசி வைக்கப்பட்டிருந்தது. இன்னோர் ஊரில் பேசுவதற்கு எதிரே ஆளே இல்லை.

முதலாளியே முன்வந்த கதையும் ஒன்று உண்டு. கென்டக்கி மாநிலத்தின் ஜார்ஜ்டவுனில் டொயோட்டா ஆலை 1988 முதல் கார் செய்கிறது. ரோபோக்களும் கன்வேயர்களும் நிற்காமல் ஓட வேண்டுமானால் மின்சாரம், ஹைட்ராலிக்ஸ், வெல்டிங், இயந்திரங்களை இயக்கும் பி.எல்.சி. கணினி என்று எல்லாவற்றிலும் கை வைக்கத் தெரிந்த பராமரிப்புத் தொழில்நுட்பர் வேண்டும். அவர்கள் ஓய்வு பெறத் தொடங்கினார்கள், புதியவர்கள் கிடைக்கவில்லை. 2010இல் டொயோட்டா, புளூகிராஸ் சமூக, தொழில்நுட்பக் கல்லூரியோடு சேர்ந்து ஒரு படிப்பைத் தொடங்கியது. ‘ஃபேம்’ என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். ஐந்து பருவம். வாரத்தில் இரண்டு நாள் கல்லூரி, மூன்று நாள் ஆலையில் சம்பளத்தோடு வேலை. முடிவில் இரண்டாண்டுப் பட்டம்.

கல்லூரி நாட்களும் ஷிப்ட் மாதிரியே நடக்கும். முழு நாளும் இருக்க வேண்டும், தாமதம் கணக்கில் ஏறும். பணியிடப் பாதுகாப்பு, கருவியை எடுத்த இடத்தில் வைப்பது, ஒரு கோளாறின் மூலகாரணத்தைத் தேடும் முறை இவையும் பாடத்தில் அடக்கம். பல மாணவர்கள் சம்பளத்திலேயே கட்டணத்தைக் கட்டி, கடனில்லாமல் வெளியே வருகிறார்கள். அமெரிக்காவில் இது சின்ன விஷயம் இல்லை. ப்ரூக்கிங்ஸ் நிறுவனமும் ‘ஆப்பர்சூனிட்டி அமெரிக்கா’ என்ற அமைப்பும் 2020இல் வெளியிட்ட ஆய்வின்படி, இந்தப் படிப்பில் சேர்ந்தவர்களில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் முடித்தார்கள். இந்தப் படிப்பை நடத்தும் கல்லூரிகளின் மற்ற மாணவர்களில் முடித்தவர்கள் 30 விழுக்காட்டை எட்டவில்லை. படிப்பை முடித்து ஐந்தாண்டு கழித்து ஃபேம் மாணவர்கள் ஆண்டுக்குச் சம்பாதித்தது ஏறத்தாழ 98,000 டாலர், மற்றவர்கள் சுமார் 53,000.

இந்த எண்களைக் கேட்டுக் கைதட்டுமுன் ஒரு நிமிடம். ஃபேமில் இடம் கிடைக்கக் கம்பெனியே ஆளைத் தேர்ந்தெடுக்கிறது. கணக்கு தெரிந்த, ஒழுங்காக வந்துபோகிற இளைஞர்கள்தான் தேறுவார்கள். பெண்கள் மிகக் குறைவு. வடிகட்டி எடுத்தவர்கள் நன்றாகச் செய்வதில் பாதி வியப்பு வடிகட்டியில் இருக்கிறது. சான் அன்டோனியோவில் நடந்தது அதற்கு எதிர்த்திசை. எவரும் சேர்க்கத் தயங்குகிறவர்களை அங்கே சேர்த்தார்கள். இருந்தாலும் ஃபேமிடம் கற்க வேண்டியது ஒன்று தெளிவாக இருக்கிறது. அங்கே முதலாளி வாரத்துக்கு மூன்று நாள் கூலி கொடுக்கிறார். கூலி கொடுப்பவர் தனக்குத் தேவையில்லாத ஆளைக் கேட்கமாட்டார். ஐந்து பேர் போதும் என்றால் ஐந்து பேர் என்றுதான் சொல்வார், ஐம்பது என்று வாய்ப்பந்தல் போடமாட்டார். இன்னொன்றும் உண்டு: பலவகை இயந்திரங்களைப் பழுது பார்க்கத் தெரிந்து, பட்டத்தோடு வெளியே வருகிறவர் டொயோட்டாவை நம்பி மட்டும் இருக்க வேண்டியதில்லை. ஒரு தையலை மட்டும் தெரிந்துவைத்திருந்த லீவை ஸ்ட்ராஸ் பெண்களின் நிலை அவருக்கு வராது.

ஜெர்மானிய முறை என்று சொல்லப்படும் வேலையோடு சேர்ந்த படிப்பின் சாயல்தான் ஃபேம். வட கரோலினாவின் சார்லட் நகரில் பிளம், டேட்வைலர் என்ற ஐரோப்பியக் கம்பெனிகள் 1995இலேயே மத்திய பீட்மான்ட் சமூகக் கல்லூரியோடு அப்ரண்டிஸ் திட்டம் ஒன்றைத் தொடங்கியிருந்தன. தாய்நாட்டில் பயிற்சிச் செலவு கம்பெனியுடையது என்று பழகியவர்கள், அந்தப் பழக்கத்தைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். சீமென்ஸ் பின்னால் அதே கல்லூரியோடு கைகோத்தது. 2012இல் குடியரசுத் தலைவர் ஒபாமா நாடாளுமன்ற உரையில் அதைக் குறிப்பிட்டபோது எல்லாருக்கும் தெரிய வந்தது.

அமெரிக்கச் சட்டமும் மெல்ல இந்தப் பக்கம் திரும்புகிறது. 2018இல் திருத்தப்பட்ட பெர்கின்ஸ் சட்டம், தொழிற்கல்விக்கு மத்திய அரசுப் பணம் வாங்கும் கல்லூரிகள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வட்டாரத் தேவையை ஆராய்ந்து காட்ட வேண்டும் என்றது. 2025இல் வந்த சட்டம் இன்னும் கடுமை. ஏழை மாணவருக்கான பெல் உதவித்தொகையை 8 வாரம் முதல் 15 வாரம் வரை நடக்கும் குறும்படிப்புகளுக்கும் 2026 ஜூலை முதல் நீட்டிக்க அது வழிசெய்தது. ஆனால் சேர்ந்தவர்களில் 70 விழுக்காட்டினர் படிப்பை முடிக்க வேண்டும், முடித்தவர்களில் 70 விழுக்காட்டினர் வேலையில் சேர வேண்டும் என்று நிபந்தனை போட்டது. கல்லூரியின் கழுத்தில் எண்ணைக் கட்டியாயிற்று. முதலாளியின் கழுத்தில் கட்ட அந்தச் சட்டத்தில் ஒன்றும் இல்லை.

இந்தக் கதைக்கும் நமக்கும் நேரடித் தொடர்பு உண்டு. இந்தியாவில் சமூகக் கல்லூரி இயக்கம் வேர்விட்டதே நம் கடற்கரையில்தான். 1995இல் புதுச்சேரியிலும் 1996இல் சென்னையிலும் முதல் சமூகக் கல்லூரிகள் தொடங்கப்பட்டன. அந்த இயக்கத்தின் பின்னால் இருந்து உழைத்தவர் இயேசு சபைத் துறவி சேவியர் அல்போன்ஸ். பள்ளியைப் பாதியில் விட்டவர்கள், பிளஸ் டூவில் தேறாதவர்கள், வீட்டு வேலை பார்க்கும் பெண்கள் ஆகியோருக்கு, வயது வரம்பில்லாமல், வாழ்க்கைத் திறனும் ஒரு தொழிலும் ஓராண்டுக்குள் என்று திட்டம் போட்டார்கள். படிப்பின் ஒரு பகுதியாக மருத்துவமனையிலோ பட்டறையிலோ வேலைப் பழக்கம். பல்கலைக்கழக மானியக் குழு பின்னர் இதைத் தன் திட்டமாக எடுத்துக்கொண்டது. பெயரும் கோப்பும் பெரிதாயின. ஏழை வீட்டுப் பெண்ணைத் தேடிப்போன ஆரம்ப வேகம் எல்லா இடத்திலும் தங்கியது என்று சொல்ல முடியாது.

நம்மிடமும் ஒரு ஜேன்ஸ்வில் உண்டு. ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தியை நிறுத்தியது. பல்லாயிரம் செல்பேசிகள் நாள்தோறும் கடந்துபோன கைகளில் பெரும்பாலானவை இருபது சொச்சம் வயதுப் பிள்ளைகளின் கைகள். பெண்கள் நிறையப் பேர். ஒரு திருகு, ஒரு சோதனை, ஒரு ஸ்டிக்கர் என்று ஆளுக்கு ஒரு வேலை. அந்த அனுபவத்தை அடுத்த கம்பெனி வாசலில் எடுத்துக்காட்ட ஒரு தாள் அவர்களிடம் இருந்ததா? வேலை பார்த்த வருடங்களில் பாதி நாளாவது ஒரு பாலிடெக்னிக்கில் உட்கார்ந்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கும்.

இப்போது அதே வட்டாரத்தில் மறுபடி பெரிய ஆலைகள் வந்து நிற்கின்றன. தமிழக அரசு 2022இல் மாணவர்களுக்குத் திறன் பயிற்சி தரும் ‘நான் முதல்வன்’ திட்டத்தைத் தொடங்கியது. டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.களை 2,877 கோடி ரூபாய்க்குப் புதுப்பிக்கும் வேலையிலும் இறங்கியது. ரோபோவும் கணினி இயக்கும் சி.என்.சி. இயந்திரங்களும் ஐ.டி.ஐ. கொட்டகைக்குள் வருவது நல்ல செய்திதான். இயந்திரம் வந்த பிறகு கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. அந்த இயந்திரத்தைச் சொல்லிக்கொடுக்கிற ஆசிரியர் ஆலையில் எத்தனை வருடம் நின்றவர்? அவரை ஆலை பிடுங்கிக்கொள்ளாத அளவுக்குச் சம்பளம் உண்டா? பயிற்சி முடித்த பிள்ளைக்கு நிரந்தர வேலையா, அப்ரண்டிஸ் என்ற பெயரில் ஒரு வருடம் உழைத்துவிட்டு வீட்டுக்கா? கல்லூரியோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டு போட்டோ எடுத்துக்கொள்ளும் கம்பெனி, அந்தத் தாளில் எத்தனை இடம், எவ்வளவு சம்பளம் என்று எழுத மறுத்தால், அந்த ஒப்பந்தத்துக்காக ஒரு புதுப் படிப்பைத் திறக்கக் கூடாது. இதில் கல்லூரி முதல்வர்கள் கொஞ்சம் கறாராக இருக்கலாம், குறைந்துவிடமாட்டார்கள்.

பிள்ளைகளை இந்த ஆண்டு ஒரு தொழிற்படிப்பில் சேர்க்கப் போகிற பெற்றோர் இந்த அவையில் இருப்பீர்கள். சேர்க்கை கவுன்ட்டரில் ‘நூறு சதவீத பிளேஸ்மெண்ட்’ என்ற பலகை தொங்கும். அதைப் படித்துவிட்டு நகராதீர்கள். இரண்டு வருடத்துக்கு முன் இந்தப் படிப்பை முடித்தவர்கள் இப்போது எந்த ஊரில், எந்த வேலையில், என்ன சம்பளத்தில் இருக்கிறார்கள் என்று கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் பணத்தைக் கட்டாமல் அடுத்த கல்லூரிக்குப் போங்கள்.